மீன் பெட்டிச் சைக்கிளுக்கு மூன்றாவது பெடல்

வேலையை விட்டு வீட்டில் இருக்கும் ஆளிடம் சீனி எப்படி, பிரஷர் எப்படி என்று கேட்பதுதான் ஊர் வழக்கம். என்னிடம் மட்டும் இடப்பக்கக் கிராங்க்கைப் பற்றிக் கேட்கிறார்கள். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றபோதுகூட ஒருவர் பக்கத்தில் வந்து, "குணம் அண்ணே, மிதிக்கேக்க டொக்கு டொக்கெண்டு ஒரு சத்தம்," என்றார். கண்ணைத் திறக்காமலே "இடப்பக்கமோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். அன்றைய பக்தி அதோடு சரி.

போன மாதம் நிரோஷன் தொலைபேசியில் பிடித்தான். திருகோணமலை உட்துறைமுக வீதியில் நான் வேலை செய்த சைக்கிள் கடையை இப்போது நடத்துபவன் அவன். "அண்ணே, இப்ப வாற சைக்கிளில கொட்டர் பின்னே இல்ல. அச்சு நுனி சதுரமா இருக்கு, ஒரு போல்ட்டுத்தான் பூட்டு. எண்டாலும் கிராங்க் கழண்டு கழண்டு வருது. நீங்க ஒருக்கா எழுதித் தாங்களன்," என்றான். ஒரு பக்கத்தில் முடியும் என்று நினைத்திருப்பான், பாவம். வாய் திறந்தால் மூடாத ஆள் பேனை எடுத்தால் மட்டும் மூடுவானா?

சைக்கிளை ஓட்ட மட்டும் தெரிந்தவர்களுக்காக ஒரு சொல். பெடலையும் நடு அச்சையும் சேர்க்கும் இரும்புக் கைதான் கிராங்க். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. பழைய பாரச் சைக்கிள்களில் அதை அச்சோடு பிடித்து வைத்திருப்பது ஒரு விரல் நீளமுள்ள பின். அதைத்தான் கொட்டர் பின் என்போம். பின்னின் ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும். அந்தச் சரிவு, அச்சில் வெட்டியிருக்கும் தட்டையில் போய் இறுகி உட்கார வேண்டும். ஓட்டுகிறவரின் பாரம், அவர் பின்னால் ஏற்றிய மூட்டையின் பாரம் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகும் மிதி முழுவதும் அந்த விரல் நீள இரும்பு வழியாகத்தான் போகிறது. அப்படிப்பட்ட சாமானைத்தான் எங்கள் ஆட்கள் தெருவில் கிடக்கும் கல்லால் தட்டி இறுக்குவார்கள்.

நான் தொழில் பழகிய கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. படிப்பு ஏறவில்லை, கடல் ஒத்துக்கொள்ளவில்லை, மஜீத் நானாவின் கடைக்கு வந்தேன். டியூப் ஒட்ட விட்டார், பிறகு சில்லு நிமிர்த்த விட்டார், கடைசியில் கிராங்க்குக்கு விட்டார். அதற்குள் மீசை வந்து, கலியாணமும் முடிந்திருந்தது.

மஜீத் நானா கிண்ணியாக்காரர். கடை வாசலில் வீதியைப் பார்த்தபடி ஒரு கதிரை போட்டிருப்பார். அவர் அதில் இருந்தால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். யாரையும் ஏச மாட்டார், சத்தம் போட மாட்டார். நாங்கள் பூட்டிய பின் கழன்று திரும்பி வந்தால், அதைத் துடைத்துச் சுத்தமாக்கி எங்கள் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். குடித்து முடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாலு ஏச்சுக் கேட்டிருந்தால் அந்த நேரத்தோடு போயிருக்கும். இது சீனி போட்ட தேத்தண்ணியையும் கசக்க வைத்துவிடும்.

வாடிக்கைக்காரரிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "கடைசியாச் சத்தமில்லாம எப்ப ஓடின?" போன கிழமை என்றால் பின்னில்தான் பிழை, போன வருசம் என்றால் அச்சையும் பார்க்க வேண்டும். "வாங்கின அண்டைக்கு" என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு முதலில் தேத்தண்ணி கொடுக்கச் சொல்வார்.

கிராங்க் கழன்றிருக்கிறதா என்று பார்க்க அவர் வைத்திருந்த முறை இது. இரண்டு கிராங்க்கையும் நிலத்துக்குச் சமமாக, ஒன்று முன்னுக்கும் ஒன்று பின்னுக்கும் நிறுத்தி, இரண்டு பெடலையும் கைகளால் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். பிறகு அரைச் சுற்றுச் சுற்றி மறுபடியும் அமுக்க வேண்டும். எந்தப் பக்கம் கொஞ்சம் இளகிக் கொடுக்கிறதோ அந்தப் பக்கம்தான் கள்ளன் இருக்கிறான்.

பூட்டுவது இன்னும் நிதானமான வேலை. பழைய பின்னைத் தட்டி எடுக்கும்போது கிராங்க்குக்குக் கீழே ஓர் இரும்புக் குழாயை நிலத்தில் ஊன்றி முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுத்தியல் அடி நேரே அச்சுக் குண்டுகளில் இறங்கும். பின்னைக் காப்பாற்றி அச்சைக் கொன்ற கதையாகிவிடும். புதுப் பின்னின் சரிவில் கொஞ்சம் விளக்குக் கரியைப் பூசி உள்ளே விட்டு எடுத்தால் எந்த இடம் முட்டுகிறது என்று தெரியும். அந்த இடத்தை அரத்தால் மெல்லமாகச் சீவி, திரும்பவும் விட்டுப் பார்க்க வேண்டும். வலப்பக்க நட்டு மேலே பார்த்தால் இடப்பக்க நட்டுக் கீழே பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் பெடல்கள் கோணி நிற்கும், ஓட்டுகிறவர் நொண்டுவது போல மிதிப்பார். பிறகு சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டுத்தான் நட்டைத் தொட வேண்டும். அவசரக்காரர்கள் நட்டை முறுக்கியே பின்னை இழுக்கப் பார்ப்பார்கள். மரை போகும், பின் இறங்காது. "நட்டுக்கு இழுக்கத் தெரியாது மகன், பிடிக்கத்தான் தெரியும்," என்பார் நானா. ஒரு நாள் ஓடிவிட்டு வரச்சொல்லி மறுபடியும் ஓர் அடி, மறுபடியும் நட்டு. அந்த இரண்டாவது அடி இல்லாமல் எந்தச் சைக்கிளும் எங்கள் கடைக் கணக்கில் முடிந்ததாக இல்லை.

நிரோஷன், உன் சதுர அச்சுக்கும் இதே புத்திதான். அச்சையும் கிராங்க் துளையையும் துணியால் நன்றாகத் துடை. மணல் இருக்கக் கூடாது. நீளப் பிடியுள்ள ஸ்பனரால் இறுக்கு. நாலைந்து நாளில் திரும்ப வரச்சொல்லி இன்னொரு தரம் பார். ஆடுகிற கிராங்க்கோடு ஓட விடாதே. அச்சு கெட்டி இரும்பு, கிராங்க் மெத்தென்ற அலுமினியம், ஒரு கிழமையில் சதுரத் துளை வட்டமாகிவிடும். அதற்குப் பிறகு ஆண்டவன் வந்து இறுக்கினாலும் நிற்காது. சிலர் வெறும் பால் ரின் டப்பாவை வெட்டி அந்தத் தகட்டைத் துளைக்குள் செருகுவார்கள். அது வீட்டுக்குப் போகும்வரை நிற்கும். பால் ரின் தேத்தண்ணிக்கு நல்லது, கிராங்க்குக்கு வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்த என்னையே சுளுக்கெடுத்த சைக்கிள் ஒன்று உண்டு. அது தவராசாவின் சைக்கிள்.

தவராசா சாம்பல்தீவில் இருக்கும் மீன் வியாபாரி. முன்பு கரைவலை இழுத்தவன். முதுகில் அடிபட்ட பிறகு வலை இழுக்க ஏலாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். விடியக் கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, கரியரில் கட்டிய மரப்பெட்டியில் நிரப்பி, பாலம் தாண்டி அலஸ்தோட்டம், உப்புவெளி என்று வீட்டு வாசல்களில் படலை படலையாக நின்று விற்றுக்கொண்டு டவுன் பக்கம் வந்து சேர்வான். அமைதியான ஓட்டம். மேடு பள்ளம் பார்த்து ஓட்டுபவன். அவன் சைக்கிளின் இடப்பக்கக் கிராங்க் ஏன் கழல வேண்டும்?

முதல் தடவை வந்தபோது புதுப் பின் போட்டேன். சில நாளில் வெறும் பெட்டியோடு தள்ளிக்கொண்டு வந்தான். கரி பூசிப் பார்த்து, அரத்தால் சீவி, இன்னொரு பின் போட்டேன். திரும்பி வந்தான். அச்சையே மாற்றினேன். திரும்பி வந்தான். கிராங்க்கையும் மாற்றினேன். அதற்கும் வந்தான். ஒவ்வொரு தடவையும் என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு பின் உட்கார்ந்திருந்தது. அப்போது எனக்குத் தலையில் வெள்ளை விழுந்துவிட்டது. இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று உண்மையாகவே கோபம் வந்தது. யாரில் கோபம் என்றுதான் தெரியவில்லை.

கடைசியாக வந்த பின்னை நானா பக்கத்தில் வைத்துவிட்டுப் போகவில்லை. தானும் குந்தியிருந்து உருட்டிப் பார்த்தார். "மகன், சரிவு முழுக்கத் தேஞ்சா அது மிதிச்ச தேய்வு. இதில நடு புதுசு போல இரிக்கி. ரெண்டு விளிம்பும்தான் போயிரிக்கி. இது ஆடி ஆடித் தேஞ்சது," என்றார்.

"இறுக்கிப் பூட்டினது எப்படி நானா ஆடும்?"

"அதத்தான் நானும் கேக்கிறன்."

அடுத்த நாள் தவராசா வரவில்லை. அவன் மனைவி புஷ்பம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தவராசா பாலத்தடியில் கிராங்க்கோடு விழுந்து முழங்கால் உரசி வீட்டில் இருக்கிறானாம். ஏசத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து ஸ்பனரைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, உங்களில பிழை சொல்ல வரேல்ல," என்றாள். "நீங்க மினக்கெட்டுச் செய்யிறது தெரியும். ஆனா இன்னொருக்கா நடுவழியில கழண்டா எங்களுக்குத் தெருவே இல்ல. கோயிலடித் தெருவை மீன் கொண்டு வாற மோட்டச்சைக்கிள்காரன் பிடிச்சிட்டான். மிச்சம் இருக்கிறது அலஸ்தோட்டத்து ஒழுங்கையள்தான். அதுவும் போனா, இவர் திரும்ப வலைக்குத்தான் போவன் எண்டுறார். அந்த முதுகோட வலைக்குப் போனா ஆள் எழும்ப மாட்டார் அண்ணே."

தெரு போவது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். மீன் வியாபாரிகளுக்குள் யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. ஒரு தெருவில் காலையில் யாருடைய ஹோர்ன் முதலில் கேட்கிறதோ, அந்தத் தெரு அவருடையது. ஒரு நாள் பிந்தினால் பொறுத்துக்கொள்வார்கள். அடிக்கடி பிந்தினால் அடுத்தவர் நுழையலாம், சண்டை கிடையாது. சட்டியை வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கும் பெண்கள் கழன்ற கிராங்க்குக்காகக் காத்திருக்க முடியுமா?

புஷ்பம் போன பிறகு நானா கதிரையில் இருந்தபடி அந்தத் தேய்ந்த பின்னை இன்னொரு தரம் உருட்டிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "சைக்கிள் இஞ்சருந்து போகக்க ஒழுங்காத்தான் போகுது. கழருறது வெளியில. அவன் ஓடத் தொடங்கினதும் நீ கடைக்கு வராத. அவன்ட பின்னால போ."

தவராசாவின் முழங்கால் கொஞ்சம் ஆறியதும் இன்னொரு புதுப் பின்னை இறுக்கிக் கொடுத்துவிட்டு, விடிய என் சைக்கிளில் சாம்பல்தீவுக்குப் போனேன். அன்றைக்குச் சூரையும் கீரி மீனும். பெட்டி நிரம்பி, ஐஸும் ஏறியபோது சைக்கிள் ஓர் எருமை போல அசையாமல் நின்றது. பாலத்தில் அவன் பின்னாலேயே போனேன். என் கண் முழுக்க இடப்பெடலில்தான். ஒரு சத்தமும் இல்லை. மேட்டில் எழும்பி நின்று மிதிக்கிறானா என்று பார்த்தேன். இல்லை, மாப்பிள்ளை போலச் சீட்டில் இருந்துதான் மிதித்தான்.

அலஸ்தோட்டத்து முதல் படலையில் ஹோர்னை அமுக்கினான். இறங்கினான். சைக்கிளை இடப்பக்கம் சாய்த்து, பெடலை வாசற்படியின் விளிம்பில் கொண்டுபோய் வைத்தான். "டங்" என்றது. எனக்குப் பல் கூசியது.

அடுத்த படலையிலும் அப்படியே. படி இல்லாத வீட்டில் மதகு விளிம்பு, மதகும் இல்லாவிட்டால் ஒரு கல். டங், டங், டங். மீனும் ஐஸும் பெட்டியுமாக முழுப் பாரமும் இடப்பெடலில் குந்தியிருக்கிறது. ஓடும்போது கால் மேலிருந்து அமுக்குகிறது, நிற்கும்போது கல் கீழிருந்து குத்துகிறது. ஆணியைப் பிடுங்க வேண்டும் என்றால் நாமும் அதைத்தானே செய்வோம், இப்படி ஒரு பக்கம், அப்படி ஒரு பக்கம்? எங்கள் கடைக்கு அவன் வெறும் பெட்டியோடு வந்து ஒழுங்காக ஸ்டாண்டில் விடுவான். இந்தக் கூத்தை நாங்கள் எப்படிக் காண்பது?

"டேய் தவராசா, ஸ்டாண்ட் இருக்கெல்லே? ஸ்டாண்டில விடன்," என்றேன்.

சிரித்தான். "அண்ணே, ஸ்டாண்ட் போட்டா வியாபாரம் படுத்திடும்."

"பாரம் எண்டு தூக்க ஏலாதோ?"

"அது தூக்கலாம். நீங்க பாருங்களன்," என்று சொல்லி, அடுத்த படலையில் வேண்டுமென்றே சைக்கிளைப் பின்னுக்கு இழுத்து ஸ்டாண்டில் ஏற்றினான்.

ஓர் அம்மா வந்தார். மீனைப் பார்க்கவில்லை. முதலில் ஸ்டாண்டைப் பார்த்தார். "என்ன தவராசா, இண்டைக்கு ஸ்டாண்ட் எல்லாம் போட்டிருக்கிறீங்க? மீன் மலிவு போல," என்று சொல்லிப் படியில் வசதியாக உட்கார்ந்தார். ஒவ்வொரு மீனாக எடுத்துச் செவுளைத் திறந்து பார்த்தார். இது சின்னன், இது நேற்றையது என்றார். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டார். அவ கதிரை கொண்டு வராததுதான் குறை. நாங்கள் அந்த இடத்தை விட்டு வெளிக்கிட்டபோது ஐஸ் ஒரு விரல் இறங்கியிருந்தது, விலை அதைவிட இறங்கியிருந்தது.

"பெடலைப் படியில வைச்சா, நான் இந்தா போறன் எண்டு அர்த்தம்," என்றான் தவராசா. "அவையளும் கெதியா எடுப்பினம். ஸ்டாண்ட் போட்டா, விக்காத மீனோட வந்து குந்தியிருக்கிறன் எண்டு அர்த்தம். மோட்டச்சைக்கிள்காரன் எஞ்சினை நிப்பாட்டுறதே இல்லயே, கண்டனீங்களோ?"

அவன் தொழிலில் அவன் சொல்வதுதான் சரி. ஆனால் என் தொழிலில் அந்தப் பெடல் செத்துக்கொண்டிருக்கிறது. வரும் வழியெல்லாம் இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று யோசித்து, ஒரு லொறியில் முட்டப் பார்த்தேன்.

நானாவிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது. பத்து வருசத்துக்கு ஒரு தடவைதான் அப்படிச் சிரிப்பார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் சாய்ச்சு வெக்கிறது பிழையில்ல மகன். பெடல்தான் பிழையான இடத்தில இரிக்கி. பாரம் எங்க இரிக்கி? பெட்டியில. அப்ப பெடலையும் பெட்டிக்குக் கீழ கொண்டு போ," என்றார்.

அந்தப் பகல் முழுக்க வேறு வேலை எடுக்கவில்லை. ஒரு சாண் நீளத் தட்டைக் கம்பியை இடப்பக்கத்தில் பின் சில்லின் அச்சு நட்டோடு பூட்டிக் கீழே தொங்கவிட்டோம். அது ஆடாமல் இருக்க ஒரு குறுக்குக் கம்பியைப் பின் சில்லைத் தாங்கும் கவட்டோடு சேர்த்துப் பிடித்தோம். நுனியில் ஒரு பழைய பெடலைச் சுற்றாதபடி இறுக்கினோம். றப்பர் கட்டை போட்ட பெடல், படியில் வழுக்காது. உயரம் மற்றப் பெடல் கீழே வரும்போது இருக்கும் உயரம். தவராசா ஏறி மிதித்துப் பார்த்தபோது குதிக்கால் இடித்தது. கழற்றி, கம்பியை இரண்டு விரல் பின்னுக்கு வளைத்தேன். இடிக்கவில்லை. பெட்டிக்குள் மணல் மூட்டை வைத்து, கடை வாசற்படியில் சாய்க்கச் சொன்னேன். "டங்" என்ற சத்தம் இல்லை. "தொப்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாரம் பெட்டியிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து படிக்குப் போயிற்று. கிராங்க் தன்பாட்டில் சும்மா தொங்கியது. தூரத்தில் நின்று பார்த்தால் இப்போதும் இந்தா போகிறேன் என்ற சாயல்தான்.

வீதியால் போன துறைமுகத்து ஆட்கள் நின்று பார்த்தார்கள். "மூண்டாவது பெடலை ஆர் மிதிக்கிறது, மீனோ?" என்று கேட்டார் ஒருவர். தவராசா அதற்கும் சிரித்தான். ஆனால் ஏறிப் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் சிரிப்பு இருக்கவில்லை.

சொன்னபடி ஒரு நாள் ஓடிவிட்டு வந்தான், இரண்டாவது அடி அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை.

எங்கள் தொழிலின் கெட்ட இடம் இதுதான். கிராங்க் கழன்றவன் கடைக்கு வருவான். கழலாதவன் எதற்கு வருவான்? அவன் வராமல் விட்டால் இரண்டு அர்த்தம். ஒன்று, சைக்கிள் நன்றாக ஓடுகிறது. மற்றது, அவன் சைக்கிளை மூலையில் சாத்திவிட்டு வலை இழுக்கப் போய்விட்டான். நாள் போகப் போக எனக்கு இரண்டாவது அர்த்தம்தான் பெரிதாகத் தெரிந்தது. போய்ப் பார்க்கவும் பயம். நானாவும் கதிரையில் இருந்து சாம்பல்தீவுப் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு பெட்டிச் சைக்கிளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன் வந்தான். தள்ளிக்கொண்டு வந்தான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வருவதை என் வாழ்நாளில் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அன்று கண்டதுபோல ஒரு நாளும் பயந்ததில்லை. கையில் இருந்த கிறீஸ் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினேன். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. நடுவீதியிலேயே குந்தி, இரண்டு பெடலையும் அமுக்கிப் பார்த்தேன். அரைச் சுற்றுச் சுற்றித் திரும்ப அமுக்கினேன். கல் போல நின்றது. நம்பாமல் இன்னொரு தடவை அமுக்கினேன்.

"அண்ணே, கிராங்கை விடுங்க," என்றான் தவராசா. "பின் சில்லில காத்து இல்ல. முள்ளுக் குத்திப் போச்சு."

பின் சில்லை விரலால் அமுக்கினேன். உண்மைதான், காற்று இல்லை.

"பெட்டியத் திறந்து பாருங்க," என்றான்.

திறந்தேன். அடியில் கொஞ்சம் ஐஸ் தண்ணீர். ஒரு கீரிக் குஞ்சுகூட விற்காமல் மிஞ்சவில்லை.

"கோயிலடித் தெரு?" என்று கேட்டேன்.

"கோயிலடித் தெருவும்தான். மோட்டச்சைக்கிள்காரன் ரெண்டு மூண்டு நாள் பிந்தினான். நான் ஒரு நாளும் பிந்தேல்ல."

என் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினேன், முழங்கை வரை கிறீஸ். அந்தக் கோலத்தில் நான் முழிப்பதைப் பார்த்து, தவராசா தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து அவனே என் முகத்தைத் துடைத்துவிட்டான். விடியற்காலையிலிருந்து மீன் துடைத்த துவாய். அன்று முழுக்க என் முகத்தில் சூரை மணத்தது. கழுவ எனக்கு மனம் வரவில்லை.